காவலர் மீதும் தீயணைப்பு வீரர் மீதும் புகார் கொடுப்பது எப்படி: தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளியிருக்கும் அக்கா ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிளாஸ்டிக் பையோடு என்னைத் தேடி வந்தார். பைக்குள் அவருடைய மகனின் கிழிந்த சட்டை, மருந்துக்கடைச் சீட்டு, கசங்கிய ஒரு தாள். ரோடுபிளாக் ஒன்றில் காவலர்கள் அந்தப் பையனை அடித்திருந்தார்கள். அக்கா சும்மா இருந்துவிடவில்லை. காவல் நிலையத்தின் சார்ஜ் ஆபீசில் சொல்லியிருந்தார், கோயில் தலைவரிடம் சொல்லியிருந்தார், வார்டு கவுன்சிலரிடமும் சொல்லியிருந்தார். எல்லோரும் தலையசைத்திருக்கிறார்கள். யாரும் ஓர் எண்ணை எழுதித் தரவில்லை, அவரும் கேட்கவில்லை. என்னிடம் வந்தபோது சம்பவம் நடந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இழப்பீடு கேட்பதற்கு முன் கொடுக்க வேண்டிய அறிவிப்புக்குச் சட்டம் தந்திருந்த ஆறு மாதம் அதற்குள் முடிந்துவிட்டது.

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. தவறான வாசல்களில் நின்றதும், தேதியைக் கைவிட்டதும்தான் அந்தப் புகாரைக் கொன்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் கேள்வி: அந்தச் சீருடை யாருடையது?

இந்த நாட்டில் துப்பாக்கியும் தொப்பியும் அணிந்தவர்கள் எல்லோரும் ஒரே துறையினர் அல்லர். தென்னாப்பிரிக்கக் காவல்துறை தேசிய அரசைச் சேர்ந்தது; நாம் சாப்ஸ் என்று சொல்வது அதைத்தான். டர்பன் மெட்ரோ போலீஸ் மாநகராட்சியைச் சேர்ந்தது. இந்த இரண்டையும் விசாரிக்கும் அதிகாரம் உள்ள சுதந்திர அமைப்பு ஒன்று உண்டு. காவல்துறை மீதான சுதந்திர விசாரணை இயக்ககம் என்று அதைச் சொல்லலாம். மக்கள் வாயில் அது ஐபிட். 2011ஆம் ஆண்டின் 1ஆம் எண் சட்டத்தின் கீழ் 2012 ஏப்ரல் 1 முதல் இயங்கி வருகிறது.

மாகாணப் போக்குவரத்து அதிகாரி, ராணுவ வீரர், தனியார் காவலாளி ஆகிய மூவரும் ஐபிட்டின் கைக்கு அப்பாற்பட்டவர்கள். போக்குவரத்து அதிகாரி என்றால் மாகாணப் போக்குவரத்துத் துறைக்கு எழுத வேண்டும். ராணுவ வீரர் என்றால் அவர்கள் மீதான புகார்களை விசாரிக்கும் ராணுவ ஓம்புட்ஸ்மேன் அலுவலகம். வீட்டு வாசலில் நிற்கும் பாதுகாப்பு நிறுவனக் காவலர் என்றால் அந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் சிரா என்ற ஆணையம். தீயணைப்பு நகராட்சியின் பொறுப்பு. ஆம்புலன்ஸ் நம் மாகாணமான குவாசுலு-நட்டாலில் மாகாணச் சுகாதாரத் துறையின் பொறுப்பு. தீ விபத்து இரவில் இரண்டும் ஒன்றாக வந்து நிற்பதால் நம்மவர்கள் இரண்டையும் ஒரே கடிதத்தில் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் இரு துறைகளும் மற்றவரைக் கைகாட்டித் தப்பிவிடும். இரண்டு கடிதமாகவே எழுதுங்கள்.

சட்டையில் உள்ள பெயர்ப்பட்டையைப் பாருங்கள். வண்டியின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது, நம்பர் பிளேட் என்ன என்று பாருங்கள். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லிப் பணிவாகக் கேட்கலாம். சூழல் சரியில்லை என்றால் கேட்க வேண்டாம். இடம், நேரம், வண்டி எண் இந்த மூன்றும் இருந்தாலே அன்று பணியில் இருந்தவர் யார் என்று பிறகு கண்டுபிடித்துவிட முடியும்.

முதல் 24 மணி நேரம்

காயம் இருந்தால் முதலில் டாக்டரிடம்தான் போக வேண்டும், காவல் நிலையம் அதற்குப் பிறகு. ஜே 88 என்ற மருத்துவச் சட்டப் படிவத்தில் காயங்களை ஒன்றுவிடாமல் குறிக்கச் சொல்லுங்கள். நீதிமன்றத்தில் பேசப்போவது அந்தப் படிவம்தான். அரசு மருத்துவமனை டாக்டரும் நிரப்பலாம், தனியார் டாக்டரும் நிரப்பலாம். டாக்டர் கேட்டால் "காவலர் அடித்தார்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். வெட்கத்தாலோ பயத்தாலோ "விழுந்துவிட்டேன்" என்று சொன்னால் அதுவே குறிப்பில் ஏறிவிடும், பிறகு அழிக்க முடியாது.

காயங்களை அன்றும், கன்றிய இடம் நிறம் மாறியபின் இரண்டு மூன்று நாள் கழித்தும் படம் எடுங்கள். கிழிந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். கடைகளின் கேமராப் பதிவுகள் சில நாளில் அழிந்துவிடக்கூடியவை. கடைக்காரரிடம் அன்றைக்கே கேளுங்கள்.

பாலியல் வன்முறை என்றால் குளிக்காமல், உடை மாற்றாமல் துத்துசேலா பராமரிப்பு மையத்துக்குப் போங்கள். சாட்ஸ்வொர்த்தின் ஆர்.கே. கான் மருத்துவமனையிலும், ஃபீனிக்ஸின் மகாத்மா காந்தி மருத்துவமனையிலும் அந்த மையம் உண்டு. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். புகாரை மறுநாள் எழுதலாம். மருந்துக்கு அந்த அவகாசம் இல்லை.

பொது இடத்தில் பணி செய்யும் காவலரை, அவர் வேலைக்குத் தடையாக இல்லாமல், தள்ளி நின்று படம் பிடிப்பது குற்றமில்லை. அந்தப் படத்தை அழிக்கச் சொல்லும் உரிமை அவருக்கில்லை. 2013 பிப்ரவரியில் ஜோகன்னஸ்பர்குக்குக் கிழக்கே டேவிட்டனில் மொசாம்பிக் நாட்டைச் சேர்ந்த டாக்சி ஓட்டுநர் மீடோ மாசியாவைக் காவல் வண்டியின் பின்னால் கட்டித் தெருவில் இழுத்துச் சென்றார்கள். அவர் லாக்கப்பில் இறந்துபோனார். தெருவில் நின்ற ஒருவர் கைப்பேசியில் எடுத்த காட்சி உலகம் முழுவதும் பரவியது. 2015இல் எட்டுக் காவலர்கள் கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி, ஒவ்வொருவருக்கும் 15 ஆண்டுச் சிறை கிடைத்தது.

இறந்தவர் இந்த நாட்டுக் குடிமகன் அல்லர் என்பதையும் கவனியுங்கள். ஊரிலிருந்து வேலை விசாவில் வந்திருக்கும் அர்ச்சகர்களும் கடை ஊழியர்களும் "நமக்கேன் வம்பு" என்று ஒதுங்குவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். மனித மாண்பும் உடல் பாதுகாப்பும் "ஒவ்வொருவருக்கும்" உண்டு என்றுதான் இந்நாட்டு அரசியல் சாசனம் சொல்கிறது. குடிமக்களுக்கு மட்டும் என்று சொல்லவில்லை.

வாக்குமூலம் எழுதுவது

புகாரின் முதுகெலும்பு அஃபிடவிட், அதாவது சத்தியம் செய்து எழுத்தில் தரும் வாக்குமூலம். அதை எந்த மொழியில் எழுதுவது என்று பலர் கேட்கிறார்கள். அரசியல் சாசனத்தின் 6ஆம் பிரிவு, மதித்து வளர்க்கப்பட வேண்டிய மொழிகளின் பட்டியலில் தமிழைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது; அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும். ஆனால் தமிழ் இங்கே ஆட்சிமொழி இல்லை. காவல் நிலையத்தில் வாக்குமூலம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதப்படும்.

ஆங்கிலம் தடுமாறும் பெரியவர்களுக்கும் புதிதாக வந்தவர்களுக்கும் நான் சொல்லும் வழி இது. முதலில் வீட்டில் உட்கார்ந்து தமிழில் எழுதிவிடுங்கள். தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். பிறகு நம்பிக்கையான ஒருவர் அதை ஆங்கிலத்தில் எழுதட்டும். இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். நிலையத்தில் ஒருவர் உங்களுக்காக எழுதினால், அதை வரிவரியாக வாசித்துக் காட்டச் சொல்லி, விளங்கியபின்தான் கையெழுத்து. "பரவாயில்லை, போடுங்கள்" என்று யார் அவசரப்படுத்தினாலும் பேனாவை எடுக்காதீர்கள்.

எப்படி எழுதுவது? பெரும்பாலானவர்கள் எழுதிக் கொண்டுவருவது இப்படி இருக்கிறது: "போலீஸ்காரர்கள் என்னை மிருகம் போல நடத்தினார்கள். அவர்கள் எல்லோரும் ஊழல்வாதிகள்." இதை வைத்து யாரும் எதையும் விசாரிக்க முடியாது. இப்படி எழுதுங்கள்: "மார்ச் 4, வெள்ளி, இரவு சுமார் 9.40. ஹையர்ஸ்டைன் சாலையில் என் வண்டியை நிறுத்தினார்கள். சீருடையில் இருவர். உயரமானவர் ஓட்டுநர் உரிமம் கேட்டார், கொடுத்தேன். காரணம் கேட்டேன். அவர் வலக் கையால் என் இடக் கன்னத்தில் இருமுறை அறைந்தார். மற்றவர் சிரித்தார். பின்சீட்டில் என் தங்கை இருந்தாள்." பார்த்தது, கேட்டது, பட்டது, யார் உடனிருந்தார்கள் என்பது போதும். நீங்கள் கோபத்தில் ஏதாவது தகாத சொல் சொல்லியிருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். மறைத்தது பின்னால் வெளிவந்தால் மற்ற உண்மைகளும் சேர்ந்து சந்தேகத்துக்குள்ளாகும். சத்தியப்பிரமாணத்தில் பொய் சொல்வது தனிக் குற்றம் என்பதும் நினைவிருக்கட்டும்.

சத்தியம் செய்ய, உங்களை அடித்தவர் வேலை பார்க்கும் நிலையத்துக்கே போக வேண்டியதில்லை. வழக்கறிஞர் முன்னும் சத்தியம் வாங்க அதிகாரம் உள்ள வேறு எந்த கமிஷனர் ஆஃப் ஓத்ஸ் முன்னும் செய்யலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.

ஐபிட்: எதை எடுக்கும், எதை எடுக்காது

சட்டத்தின் 28ஆம் பிரிவு ஐபிட் கட்டாயம் விசாரிக்க வேண்டியவற்றைச் சொல்கிறது. காவலில் நேர்ந்த மரணம், காவலரின் செயலால் நேர்ந்த மரணம், அரசுத் துப்பாக்கியால் சுட்டது, காவலர் செய்த பாலியல் வல்லுறவு (பணியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும்), காவலில் இருப்பவர் மீது யார் செய்த வல்லுறவும், பணியின்போது நடந்த சித்திரவதை அல்லது அடிதடி, காவல்துறைக்குள் ஊழல். ஐபிட்டுக்கு வரும் புகார்களில் மிகப் பெரும் பங்கு அடிதடிதான்.

"மரியாதைக் குறைவாகப் பேசினார்", "வழக்கு டாக்கெட் தொலைந்துவிட்டது", "மூன்று மணி நேரம் யாரும் வரவில்லை" என்பவை இந்தப் பட்டியலில் இல்லை. அவற்றை ஐபிட்டுக்கு எழுதினால் காவல்துறைக்கே திருப்பி அனுப்பிவிடும், உங்களுக்கு மாதங்கள் வீணாகும்.

பாதிக்கப்பட்டவர்தான் வர வேண்டும் என்பதில்லை. சாட்சியோ உறவினரோ ஓர் அமைப்போ அவர் சார்பில் கொடுக்கலாம். ஒன்பது மாகாணங்களிலும் ஐபிட் அலுவலகம் உண்டு, நம் மாகாணத்துக்கு டர்பனில். நேரில் போனால் புகார்ப் படிவத்தை நிரப்பி, அஃபிடவிட், ஜே 88, படங்கள், சாட்சிகளின் பெயர் எல்லாவற்றின் நகலையும் சேருங்கள். மூலத்தைக் கொடுத்துவிடாதீர்கள். திரும்பும்போது ஐபிட் வழக்கு எண் கையில் இருக்க வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பினால் எண் வரும்வரை வாரம் ஒருமுறை கேட்டுக்கொண்டே இருங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: இப்படிப்பட்ட சம்பவம் தெரியவந்தால் நிலையத் தலைவரே உடனடியாக ஐபிட்டுக்குச் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் எழுத்தில் அறிக்கையும் தர வேண்டும். தவறினால் அதுவே குற்றம். ஆகவே சார்ஜ் ஆபீசில் நீங்கள் அடிதடி பற்றிச் சொல்லும்போது, "இதை 29ஆம் பிரிவின்படி ஐபிட்டுக்கு அறிவித்துவிட்டீர்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நாற்காலிகள் நிமிர்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

விசாரணை முடிந்தால் குற்றப் பகுதி அரசு வழக்கறிஞருக்குப் போகும், ஒழுங்கு நடவடிக்கைப் பரிந்துரை காவல்துறைக்குப் போகும். பரிந்துரை கிடைத்த 30 நாளுக்குள் காவல்துறை ஒழுங்கு நடவடிக்கையைத் தொடங்க வேண்டும் என்பது சட்டம். ஐபிட் தானாகத் தண்டிக்காது, பணமும் வாங்கித் தராது.

இதற்கிடையில் குற்ற வழக்கை எந்தக் காவல் நிலையத்திலும் பதியலாம். அங்கே கிடைக்கும் காஸ் எண்ணை, அதாவது காவல் நிலைய வழக்கு எண்ணைப் பொன்போல வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு பதியவில்லை என்றாலும் நீங்கள் வந்து போனதை ஓ.பி. புத்தகம் என்ற நிலைய நிகழ்வுப் பதிவேட்டில் எழுதச் சொல்லி அந்த எண்ணையாவது வாங்கிவிடுங்கள்.

எதிர்வழக்கு வரக்கூடும். புகார் கொடுத்தவர் மீதே "கைதுக்கு எதிர்ப்புத் தெரிவித்தார்" என்று ஒரு குற்றச்சாட்டு விழுவது உண்டு. பயந்து புகாரைத் திரும்பப் பெறாதீர்கள். வாய்மூடியிருக்கும் உரிமை, வழக்கறிஞர் உரிமை, 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்தப்படும் உரிமை ஆகியவை உங்களுக்கு உண்டு. வழக்கறிஞருக்கு வசதி இல்லை என்றால் லீகல் எய்ட் இலவச எண் 0800 110 110.

சேவைக் குறை என்றால்

முதலில் அந்த நிலையத்தின் ஸ்டேஷன் கமாண்டருக்கு எழுத்தில். பிறகு மாவட்ட, மாகாணக் காவல் தலைமை. தேசிய சேவைப் புகார் மையத்தின் எண் 0800 333 177. மெட்ரோ போலீஸ் என்றால் அதன் தலைமைக்கும், அதைக் கண்காணிக்க மாநகராட்சி மன்றம் அமைக்க வேண்டிய குடிமக்கள் குழுவுக்கும் எழுதலாம்.

குடும்ப வன்முறையைச் சொல்லப்போன பெண்ணிடம் "வீட்டுப் பிரச்சினை, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் அம்மா" என்று திருப்பி அனுப்புவது வெறும் சேவைக் குறை இல்லை. 1998ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி உதவுவது காவலரின் கடமை, தவறுவது ஒழுங்கீனம். இந்தப் புகாரை காவல்துறைக்கான குடிமைச் செயலகத்துக்கும் அனுப்புங்கள். நம் குடும்பங்களில் மாமியாரும் மாமனாரும் அதே "பேசித் தீர்" பாட்டைப் பாடுவார்கள். அந்தப் பெண்ணுக்குத் துணையாக யாராவது ஒருவர் நிலையத்துக்குக் கூடப் போங்கள்.

தீயணைப்புத் துறை மீது

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். 1987ஆம் ஆண்டின் 99ஆம் எண் சட்டம் தீயணைப்பு அதிகாரிக்கு விரிந்த அதிகாரம் தருகிறது. ஆபத்து என்றால் அவர் உங்கள் கதவை உடைக்கலாம், கூரையைப் பிரிக்கலாம், சாலையை மூடலாம், உங்களை வெளியேற்றலாம். பூஜை அறைக்குள் பூட்ஸ் காலோடு நுழைந்தார் என்பதற்காகப் புகார் எழுதக் கேட்ட ஒரு பெரியவரிடம் நான் மறுத்துவிட்டேன். அவர் மனவருத்தம் புரிந்தது. ஆனால் அந்த வீரர் உள்ளே போனது உயிர் இருக்கிறதா என்று தேடத்தான்.

நியாயமான புகார்கள் வேறு. அழைத்தும் மிகத் தாமதமாக வந்தது, பழுதான கருவியோடு வந்தது, அணைக்கும்போது பொருள் காணாமல் போனது, இழிவாகப் பேசியது, சான்றிதழுக்குப் பணம் கேட்டது.

தாமதம் என்றால் ஊர்ப்பேச்சை நம்பாதீர்கள். உங்கள் கைப்பேசியின் அழைப்புப் பட்டியலைப் படம் எடுங்கள். எத்தனை மணிக்கு அழைத்தீர்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். வண்டி வந்த நேரத்தைப் பக்கத்து வீட்டுக் கேமரா காட்டும். பகுதியின் தீ அபாய வகையைப் பொறுத்து வண்டி எவ்வளவு நேரத்தில் வர வேண்டும் என்பதை சான்ஸ் 10090 என்ற தேசியத் தரம் வகுத்திருக்கிறது. அடர்ந்த வணிகப் பகுதிக்கும் கரும்புத் தோட்டத்து ஒற்றை வீட்டுக்கும் ஒரே அளவு இல்லை. "என் வீடு எந்த வகையில் வருகிறது, அன்று பதிவான நேரம் என்ன?" என்று எழுத்தில் கேளுங்கள். தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் நகராட்சியின் நீர்த் துறைக்கும் நகல் அனுப்புங்கள்.

கடிதம் தலைமைத் தீயணைப்பு அதிகாரிக்கு. பதில் இல்லை என்றால் நகராட்சி நிர்வாகத்தின் தலைவரான முனிசிபல் மேனேஜருக்கு. நகராட்சி அமைப்புகள் சட்டம், 2000ஆம் ஆண்டின் 32ஆம் எண், உங்கள் கடிதத்துக்கு உரிய நேரத்தில் பதில் பெறும் உரிமையைத் தருகிறது. தீயணைத்ததற்குக் கட்டணப் பில் வந்தால் திகைக்காதீர்கள். கட்டணம் விதிக்க அவர்களுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. தொகை தவறு என்றால் உடனே எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள்.

லஞ்சம் என்றால் வேறு பாதை. கல்யாண மண்டபத்துக்கு பாப்புலேஷன் சர்டிபிகேட் (எத்தனை பேர் கூடலாம் என்ற சான்றிதழ்) தர ஆய்வாளர் கைநீட்டினால், அவருடைய மேலதிகாரியிடம் மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். டர்பனின் ஈத்தேக்வினி மாநகராட்சிக்கு நேர்மை மற்றும் புலனாய்வுப் பிரிவு என்று தனியே ஒன்று இருக்கிறது, அங்கே போங்கள். பணத்தைக் கொடுத்துவிட்டுப் புகார் எழுதலாம் என்று நினைக்காதீர்கள், 2004ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் கொடுப்பவரும் குற்றவாளி.

ஆறு மாதம்

அக்காவின் மகனுக்கு நேர்ந்தது இங்கேதான். அரசு அமைப்பிடம் இழப்பீடு கேட்க வேண்டும் என்றால், 2002ஆம் ஆண்டின் 40ஆம் எண் சட்டப்படி, உரிமை எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும். என்ன நடந்தது, என்ன இழப்பு என்பதை அதில் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். சாப்ஸ் என்றால் தேசியக் காவல் ஆணையருக்கும், சம்பவம் நடந்த மாகாணத்தின் ஆணையருக்கும். மெட்ரோ போலீஸ், தீயணைப்பு என்றால் முனிசிபல் மேனேஜருக்கு. பொதுவாக அறிவிப்புக்குப்பின் 30 நாள் பொறுத்துத்தான் வழக்குத் தொடர முடியும். வழக்குத் தொடரப் பொதுவான எல்லை மூன்று ஆண்டு.

ஐபிட் விசாரித்துக்கொண்டிருக்கிறது என்பதற்காக இந்த ஆறு மாதம் நின்று காத்திருக்காது. இரண்டும் தனித்தனி. "ஐபிட் முடிவு வரட்டும், பிறகு வக்கீலைப் பார்க்கலாம்" என்று இருந்தவர்கள்தான் அதிகம் இழந்திருக்கிறார்கள். புகார் கொடுத்த அதே வாரத்தில் வழக்கறிஞரையோ, குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் சட்ட உதவி மையத்தையோ போய்ப் பாருங்கள். காலம் தவறிவிட்டது என்றால் தாமதத்தை மன்னிக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். தக்க காரணம் காட்ட வேண்டும். அக்காவின் வழக்கறிஞர் அதைத்தான் செய்தார்.

பதிலே வராவிட்டால்

ஆவணங்களைக் கேளுங்கள். 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தை இங்கே பாயா என்பார்கள். படிவம் 2ஐ நிரப்பித் துறையின் தகவல் அதிகாரியிடம் கொடுத்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தீயணைப்புச் சம்பவ அறிக்கை, அழைப்புப் பதிவு, ஓ.பி. புத்தகப் பக்கம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். "எல்லா ஆவணமும்" என்று கேட்டால் எதுவும் வராது.

துறையின் அலட்சியமே பிரச்சினை என்றால் மக்கள் பாதுகாவலர் (பப்ளிக் புரொடெக்டர்) அலுவலகம் இருக்கிறது. இலவச எண் 0800 11 20 40. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், அதற்கு முன் துறையிடம் முறையிட்டதற்கான நகல்களும் வேண்டும்.

ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் சம்பவ தேதியையும், அதிலிருந்து ஆறு மாதம் முடியும் தேதியையும் பெரிதாக எழுதுங்கள். அடுத்த பக்கத்திலிருந்து ஒவ்வொரு அழைப்பும்: நாள், நேரம், பேசியவர் பெயர், சொன்ன பதில், கொடுத்த எண். அக்கா இப்போது அப்படி ஒரு நோட்டு வைத்திருக்கிறார். தெருவில் யாருக்காவது இப்படி நேர்ந்தால், அவர்களிடம் அந்த நோட்டைக் காட்டி விளக்குவது இப்போது அவர்தான்.